மனநல மாத்திரையோடு வருடக்கணக்கில் வாழ: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மனநல மாத்திரையால் பக்க விளைவு வந்தால் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் வீட்டில்கூடச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்துக்கொண்டால் உடம்பு கெடுகிறது, நிறுத்தினால் நோய் திரும்புகிறது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. என்ன நடக்கிறது என்று குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் பேரம் பேசுவது. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், பக்க விளைவுக்குத் தனியாக வைத்தியம் பார்க்கலாம். ஆனால் நாம் வாயைத் திறந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

நானும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவன், கடலூர்க்காரன். மருத்துவர் இல்லை. கீழே இருப்பதைப் படித்துவிட்டுத் தாமாக டோஸைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை ஓ.பி.யில் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

1. மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"காலையில ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு மஞ்சள்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். வீட்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், தூக்க மாத்திரை. இது ஆபத்து. அரசு மருத்துவமனையில் இந்த மாதம் ஒரு கம்பெனி அட்டை கொடுப்பார்கள், அடுத்த மாதம் வேறு கம்பெனி. நிறம் மாறும், அளவு மாறும். மாறாமல் இருப்பது மருந்தின் மூலப்பெயர் மட்டும்தான். ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், லித்தியம் கார்பனேட், சோடியம் வால்ப்ரோயேட், எஸ்சிடலோப்ராம் என்று அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். அதையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சரி, காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் சரி, முதலில் அந்தத் தாளைக் காட்ட வேண்டும்.

மூலப்பெயர் தெரிந்தால் மக்கள் மருந்தகத்திலும் கேட்டு வாங்கலாம். வெளியில் வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் கையைக் கடிக்காது.

2. ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் எழுத வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய தேதி, டோஸ் மாறிய தேதி, மாதம் ஒரு தடவை எடை, இடுப்புச் சுற்றளவு, புதிதாக வந்த தொந்தரவு, அது வந்த நாள், தூக்கம் எத்தனை மணி நேரம். அவ்வளவுதான். தேதிதான் முக்கியம். கை நடுக்கம் மாத்திரையால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று மருத்துவர் கேட்டால் "எப்பவோ இருந்தே இருக்கு சார்" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

எடையை எப்போதும் ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் பாருங்கள். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எச்சரிக்கைக் கோடு.

3. ஓ.பி.யில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள்

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியோ, கோரிமேடு ஜிப்மரோ, எங்கே போனாலும் கூட்டம்தான். விடியும் முன் பஸ் ஏறி, சீட்டு போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே போனால் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதை "எப்படி இருக்கீங்க?", "நல்லா இருக்கேன் சார்" என்று முடித்துவிட்டு வருகிறோம்.

"சார், இந்த மாத்திரை ஒத்துக்கல" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஒலான்சபின் ஆரம்பிச்ச மூணு மாசத்துல ஆறு கிலோ ஏறியிருக்கு. காதுல கேட்ட குரல் நின்னுடுச்சு, அதனால நிறுத்த விருப்பமில்லை. எடைக்கு ஏதாவது செய்ய முடியுமா?" மருந்தால் கிடைத்த நன்மை, தொந்தரவு, நாம் கேட்பது என்று மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. முதலில் எது அதிகமாகப் படுத்துகிறதோ அதைச் சொல்லுங்கள். வெட்கப்படும் விஷயத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் அதற்குள் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டில் எழுதி நீட்டுங்கள். அம்மாவோ மனைவியோ கூட வந்திருந்தால், "கொஞ்சம் தனியாப் பேசணும் சார்" என்று கேட்பதில் தவறே இல்லை.

4. எந்தத் தொந்தரவுக்கு என்ன வழி

தூக்கம், மந்தம்: ஆரம்பத்தில் பலருக்கும் வரும், ஓரிரு வாரங்களில் ஓரளவு குறையும். குறையாவிட்டால், முழு டோஸையும் இரவுக்கு மாற்றலாமா, இரவில் இன்னும் சீக்கிரம் போடலாமா என்று கேளுங்கள். நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களும் சிப்காட்டில் இரவுப் பணி பார்ப்பவர்களும் தங்கள் வேலை நேரத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவர் "ராத்திரி ஒன்பது மணிக்கு" என்று எழுதுவது பகலில் வேலை பார்ப்பவரை நினைத்து. புது மாத்திரை தொடங்கிய நாட்களில் பைக், இயந்திரம், படகு எஞ்சின் மூன்றும் வேண்டாம்.

எடையும் சர்க்கரையும்: ஒலான்சபின், க்ளோசபின் இரண்டும் இதில் முதலிடம், குவெட்டியபின், வால்ப்ரோயேட் அடுத்து. பசி தாங்காது. வயிறு நிறைந்த பிறகும் கை தட்டுக்குப் போகும். இது மனவுறுதி குறைந்ததால் வருவதில்லை, மருந்து மூளையில் பசியைத் தூண்டுவதால் வருவது. "சும்மா தின்னுட்டுத் தூங்குறான்" என்று வீட்டில் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில மாதங்களில்தான் எடை வேகமாக ஏறும், அப்போதே பிடித்துவிட வேண்டும். இரவுப் பரோட்டாவைக் குறைப்பது, டீயில் சர்க்கரையை விடுவது, சோற்றைக் குறைத்து மீனையும் பொரியலையும் கூட்டுவது, காலையில் கேழ்வரகுக் கூழோ மோரோ குடித்துவிட்டு நடப்பது எல்லாம் உதவும். ஆனி மாதம் பண்ருட்டிப் பலா வரும்போது இரண்டு சுளையோடு நிறுத்துவது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியும் ஏறினால் மெட்ஃபார்மின் பற்றிக் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு என்றே பலரும் அறிந்த அந்த மாத்திரையை, இந்த மருந்துகளால் ஏறும் எடைக்கும் கொடுக்கிறார்கள். எடை அதிகம் ஏற்றாத வேறு மருந்துக்கு மாறுவதும் உண்டு.

இருக்க முடியாமை: உட்கார்ந்தால் எழ வேண்டும், நின்றால் நடக்க வேண்டும், கால் ஒரு இடத்தில் நிற்காது. உள்ளுக்குள் ஏதோ துரத்துவதுபோல இருக்கும். வீட்டில் இதை நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்றவை தொடங்கிய பிறகோ டோஸ் கூட்டிய பிறகோ வந்தால் மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் என்று தவறாக நினைத்து டோஸை இன்னும் கூட்டினால் இன்னும் மோசமாகும். அதனால் தேதியோடு சொல்லுங்கள். டோஸைக் குறைப்பது, ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை கொடுப்பது என்று வழிகள் உண்டு. தாங்க முடியாமல் சாகலாம் போல இருந்தால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கக் கூடாது.

விறைப்பு, நடுக்கம், கழுத்து இழுப்பு: கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே சொருகுவது, நாக்கு தடிப்பது எல்லாம் மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், பேய் பிடித்தது என்றுகூடச் சொல்வார்கள். அவசரப் பிரிவில் ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடும். இதற்காகவே ட்ரைஹெக்சிபெனிடில் என்ற துணை மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் கொடுக்கும், வயதானவர்களுக்கு ஞாபக மறதி தரும். தொடங்கிய பிறகு பலருக்கும் அது தேவையில்லாமலே வருடக்கணக்கில் தொடர்கிறது. "இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று வருடம் ஒரு தடவையாவது கேளுங்கள்.

பல வருடம் சாப்பிட்ட பிறகு உதடு, நாக்கு, தாடை தன்னால் அசைவது வேறு விஷயம். இது நிலைத்துவிடலாம் என்பதால், வீட்டில் யாராவது கவனித்த அன்றே குறித்துவைத்துச் சொல்லுங்கள்.

மலச்சிக்கல்: சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறோம். க்ளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை, குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று நாள் போகாமல் வயிறு உப்பி வலித்தால் மருத்துவமனைக்குப் போங்கள். வாய் உலர்ந்தால் தண்ணீர் குடியுங்கள். கலர் சோடா குடித்தால் பல்லும் போகும், சர்க்கரையும் ஏறும்.

தாம்பத்தியம்: ஆசை போவது, எழுச்சி இல்லாமை, உச்சம் தாமதமாவது. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்சிடின் வகைகளில் அடிக்கடி வரும், ரிஸ்பெரிடோனிலும் வரும். ஆண்கள் மருந்தைக் கமுக்கமாக நிறுத்துவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. டோஸைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பலருக்குச் சரிசெய்ய முடிகிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்துக்குக் கொடுக்கும் காசு வீண். அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

5. ரத்தப் பரிசோதனையை நாமே நினைவுபடுத்த வேண்டும்

கூட்டம் அதிகமான இடத்தில் பரிசோதனை தள்ளிப்போவது சகஜம். எந்த மருந்துக்கு எது என்று நமக்குத் தெரிந்திருந்தால் கேட்டு எழுதி வாங்கலாம்.

லித்தியத்துக்கு ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதுதான் கணக்கு. இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு; காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு. அதற்கு முன்பே எடுத்தால் அளவு ஏறிக் காட்டும், இல்லாத பயம் வரும். தொடர் சிகிச்சையில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை வைத்திருப்பார்கள்; சிலருக்கு 1.0 வரை. முதல் வருடம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும். தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

க்ளோசபினுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை. முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். நடுவில் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் வெறும் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருக்காமல் அன்றே ரத்தம் பாருங்கள்.

எடை ஏற்றும் மருந்துகளுக்குத் தொடங்கும் முன்பும், மூன்று மாதத்திலும், பிறகு வருடம் ஒரு தடவையும் சர்க்கரை, கொழுப்பு. இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். கார்பமசெபினுக்குச் சோடியம். கார்பமசெபினோ லாமோட்ரிஜினோ தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் அம்மை என்று வேப்பிலை கட்டி உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

6. வெயிலும் புயலும்

நம் ஊர் கத்திரி வெயிலுக்கும் லித்தியத்துக்கும் ஆகாது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போனால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி, பட்டினி இருந்தாலும் அதேதான். தண்ணீரையும் மோரையும் நேரம் வைத்துக் குடியுங்கள். பிரஷர் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக உப்பைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதுவும் அளவை ஏற்றும். கை லேசாக நடுங்குவது லித்தியத்தில் வழக்கம். ஆனால் டம்ளர் பிடிக்க முடியாத நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்திபேதி, குழப்பம் இவை விஷம் ஏறுவதன் அடையாளம். அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், லித்தியம் சாப்பிடுகிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

வலி ஊசியிலும் கவனம் வேண்டும். மூட்டுவலிக்கு, இடுப்புவலிக்கு என்று போடும் டைக்ளோஃபினாக்கும் ஐபுப்ரோஃபெனும் லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் பரவாயில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், நீர் மாத்திரையும் அப்படித்தான்.

மனச்சிதைவுக்கான மருந்துகளும் (ஒலான்சபின், ரிஸ்பெரிடோன் போன்றவை), மேலே சொன்ன ட்ரைஹெக்சிபெனிடில் துணை மாத்திரையும் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியைத் தடுக்கின்றன. மருந்தால் "உடம்பு சூடாகுது" என்று சொல்பவர்களைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். முந்திரிக் காட்டிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்கள் உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல விறைத்து, வியர்த்து, நினைவு குழம்பினால் அது அவசர நிலை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் மழை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை கரைபுரண்டபோதும் நாட்கணக்கில் பஸ் இல்லை, கரன்ட் இல்லை, கடை இல்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே ஓ.பி.யில் சொல்லி, முடிந்தால் கூடுதலாக இரண்டு வாரத்துக்கு மாத்திரை வாங்கிவையுங்கள். தண்ணீர் புகாத பையில் அட்டையோடு சீட்டு நகலும் இருக்கட்டும். முகாமுக்குப் போகும்போது ஆதார், ரேஷன் கார்டோடு அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சில மருந்துகளைச் சில நாள் விட்டுவிட்டுப் பழைய டோஸிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. க்ளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனாலும், லாமோட்ரிஜின் ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனாலும், மருத்துவரைக் கேட்டுச் சிறிய அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மழையில் எங்கும் போக முடியாவிட்டால் 14416 டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரு வேளை மட்டும் மறந்துவிட்டால், சீக்கிரம் நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

7. பீடி, குடி, மாலை, விரதம்

இதை மருத்துவமனையில் யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. பீடி, சிகரெட் புகை க்ளோசபினையும் ஒலான்சபினையும் உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். அதாவது புகைப்பவருக்குக் கூடுதல் டோஸ் தேவைப்பட்டிருக்கும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு, பீடியை ஒரே நாளில் விட்டால் அதே டோஸ் ரத்தத்தில் ஏறிவிடும். அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் ஒழுகுதல், தலைசுற்றல், சில சமயம் வலிப்பு. பீடியை விடுவது நல்லதுதான், மாலை போடுங்கள். ஆனால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். விரதம் முடிந்து மறுபடி தொடங்கினால் அதையும் சொல்லுங்கள்.

குடிப்பழக்கத்துக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டினாலே சாராயக் கடை என்பதால் நம் பக்கத்தில் இது பெரிய சோதனை. குளோனசெபம், லோரசெபம் போன்ற தூக்க மாத்திரைகளோடு சாராயம் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. அந்தத் தூக்க மாத்திரைகளையும் நாளுக்கு நாள் கூட்டாதீர்கள், ஒரேயடியாக விடவும் செய்யாதீர்கள்.

ரம்ஜான் நோன்பு, ஆடி மாத விரதம் இரண்டிலும் லித்தியக்காரர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கலாமா என்பதை முந்தைய மாதமே மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்த் தங்குவதில் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையையும் பையில் கொண்டுபோங்கள்.

8. பெண்களுக்கு

வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையின் முதுகுத் தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இது எழுதப்பட்டிருந்தால், கல்யாணப் பேச்சு தொடங்கும் முன்பே, "வேற மருந்து மாத்த முடியுமா?" என்று கேட்க வேண்டும். கரு தெரிந்த அன்று பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்துவதும் ஆபத்துதான். அன்றே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. கார்பமசெபின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும்.

ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கு இது வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதுதான் காரணம், ரத்தத்தில் பார்த்துவிடலாம், மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மாறியதும் கரு தரிக்கும் வாய்ப்பும் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. வீட்டில் யார் கையில் மாத்திரை

உடம்பு தேறியவர் தானே எடுத்துப் போடுவதுதான் நல்லது. கிழமை எழுதிய டப்பா வாங்கினால் போட்டோமா இல்லையா என்ற சண்டை வராது. "மாத்திரை போட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதை அம்மாக்கள் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் தற்கொலை எண்ணம் இருக்கும் காலத்தில் வீட்டில் நிறைய இருப்பு வைக்காதீர்கள். மழைக்கால இருப்பு உட்பட எல்லாம் வேறொருவரிடம் பூட்டில் இருக்கட்டும், ஒரு நாளைக்குரியது மட்டும் வெளியே. லித்தியம் கூடுதலாகப் போனால் உயிருக்கு ஆபத்து.

நாள் கணக்கில் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கும் தினம் மாத்திரை போட முடியாதவர்களுக்கும் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசி உண்டு. எல்லா மருந்துக்கும் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

10. உரிமைச் சீட்டு

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தர வேண்டும். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி முடியாமல் போனால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், யார் நம் சார்பில் பேச வேண்டும் என்று நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதிவைக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. பக்க விளைவால் அவதிப்பட்டவர்கள் இதைச் செய்துவைப்பது நல்லது. நோய் நீடித்து வேலை செய்ய முடியாதவர்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ்ச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

11. "எப்பதான் நிறுத்துவாங்க?"

எல்லோரும் கேட்பது இது, கேட்பதில் தவறில்லை. முதல் தடவை வந்த மனச்சோர்வுக்குக் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல். மனச்சிதைவு முதல் தடவை என்றால் ஒன்று, இரண்டு வருடமாவது. பல தடவை வந்தவர்களுக்கு இன்னும் நீளும், சிலருக்கு ஆயுள் முழுக்க.

குறைப்பது என்று மருத்துவரும் நீங்களும் முடிவு செய்தால் மெதுவாகச் செய்யுங்கள். லித்தியத்தைக் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் இழுத்துக் குறைப்பார்கள். திடீரென்று விட்டால் பித்துநிலை (தூக்கமே இல்லாத, அளவுக்கு மீறிய வேகம்) பாய்ந்து வரலாம். எஸ்சிடலோப்ராம் வகையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், மண்டைக்குள் மின்சாரம் அடித்ததுபோல ஒரு உதறல், எரிச்சல். வீட்டில் கல்யாணம், பரீட்சை, வேலை மாற்றம், கடன் பிரச்சினை இருக்கும் மாதத்தைத் தவிருங்கள். கடைசியாக நோய் திரும்பியபோது முதலில் மாறியது எது? தூக்கமா, பேச்சின் வேகமா, யாரோ பார்க்கிறார்கள் என்ற சந்தேகமா? அதைக் கூடவே இருக்கும் ஒருவரிடம் சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அது இரண்டு, மூன்று நாள் தொடர்ந்தால் குறைப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த தேதிக்குக் காத்திராமல் ஓ.பி.க்குப் போவது என்று அவரிடம் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.